அண்ணன் கைராசியில் எழுந்த என் சுவர்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சமையலறையை நீட்டி அதை நான் விழுங்கிவிட்டேன். இடம் என் பட்டாவில் இருப்பதுதான், ஆனால் கட்டாமல் விட வேண்டிய இடம். எனக்குத் தெரியாது என்று இன்றைக்குச் சொன்னால் பொய். தெரியும்.

வாஸ்து பார்க்க வந்தவர், அடுப்பு அக்னி மூலையில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பால் பொங்கி வழிந்தால்கூட என் மனைவிக்கு அது சகுனம். அடுப்பை நகர்த்த வேண்டுமானால் சந்துதான் வழி. பிளான் அப்ரூவல் வாங்க வேண்டாமா என்று மேஸ்திரியைக் கேட்டேன். "பிளானா? அது என் மண்டைக்குள்ள இருக்குதுங்க. பேப்பர்ல போட்டா நனைஞ்சிடும்" என்றார். சிரித்தேன். சிரிப்பதுதான் அப்போது வசதியாக இருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் கண்டக்டராக இருந்து ரிட்டயர்டு ஆனவர். அவர் கைராசி எங்கள் தெருவில் பிரசித்தம். அவர் முதல் செங்கல் வைத்த வேலை எதுவும் பாதியில் நின்றதில்லை என்பார்கள். யார் கட்டினாலும் அவரைக் கூப்பிட்டு வைக்கச் சொல்வார்கள். நானும் கூப்பிட்டேன். என்ன கட்டப்போகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. "சின்ன வேலைண்ணே. நீங்க வந்து கை வெச்சா போதும்."

மனுஷன் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். கடைக்கால் பள்ளத்தில் இறங்கி, மஞ்சள் தடவிய செங்கல்லைப் பதமாக வைத்தார். "ஜல்தியா முடியட்டும் தம்பி" என்று வாழ்த்தினார்.

ஜல்தியாகத்தான் முடிந்தது. சுவர் எழுந்த இடம் அவர் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே, ஒரு ஜாண் தள்ளி. அவர்கள் ஜன்னல் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. நாலு விரல் திறந்து என் சுவரில் முட்டி நின்றது. அண்ணி படுக்கும் அறை அது. அவருக்கு இளைப்பு உண்டு.

அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்படிப் பேசுவார்? தானே தொடங்கிவைத்த சுவரைத் தானே குறை சொல்ல முடியுமா? பூஜை போட்டு அவர் வாயைக் கட்டிவிட்டேன். கூப்பிடப் போனபோதே இது என் மனசின் ஏதோ ஒரு மூலைக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு விழுப்புரத்தில் மருந்துக்கடை வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவேன். அதனால் அவர்கள் வீட்டுப் பகலை நான் பார்க்கவே இல்லை. ஒரு லீவு நாளில் வேகவைத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, கொடுக்கப் போனேன். நடுப்பகலில் உள்ளே டியூப்லைட் எரிந்தது. அண்ணியின் கட்டில் முன்னறைக்கு, வாசற்படிக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

"இன்னா அண்ணி, இங்க படுத்துக்கினு இருக்கீங்க?"

"காத்து வீடு மாறிடுச்சு தம்பி. நானும் அது பின்னாலயே வந்துட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

அப்புறம் யாரோ மனு போட்டு, நகராட்சி ஆபீஸிலிருந்து ஒருவர் அளக்க வந்தார். அண்ணன்தான் போட்டிருப்பார் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கும் சேர்த்துத்தான் இப்போது வெட்கம். வந்தவர் அண்ணனைக் கூப்பிட்டு, "உங்க ஜன்னலைத்தான் மறைச்சிருக்காங்க. ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுங்க" என்றார்.

"இந்தச் சுவத்துக்கு மொதல் செங்கல் வெச்சவனே நான்தாங்க. நான் இன்னாத்த எழுதறது?"

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் அளவு டேப்பைப் பார்த்தேன்.

சுவரை இடிக்க வேண்டும், இல்லையென்றால் விளக்கம் எழுத வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனேன். "இடிச்சிடறேண்ணே. அடுப்பு பழைய இடத்துக்கே போவட்டும்."

அண்ணன் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இடிச்சா தூசு பறக்கும் தம்பி. நீ கட்டும்போதே அவ படுக்க முடியாம உக்காந்துக்கினே கெடந்தா."

எனக்கு அது தெரியாது. தெரிந்ததும் வருத்தம்தானே வர வேண்டும்? எனக்கு நிம்மதி வந்தது. "அப்ப வேணாமாண்ணே?" என்று என் வாய் கேட்டும்விட்டது.

கட்டிலிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார். "ஏன் வேணாம்? விழுப்புரத்துல மக வீடு இல்லியா? நான் போயிட்டு வர்றேன். நீ இடி."

மறுவாரம் நான் வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே அவரும் ஏறினார். பையை நான் தூக்கிக்கொண்டேன்.

"எத்தினி நாளாவும்?"

"பத்து நாள் அண்ணி."

"மருமவன் வீட்டுல பத்து நாளா? மருவாதியா இருக்காது. நீ கட்டறதுக்கும் நான்தான் கஷ்டப்படணும், இடிக்கறதுக்கும் நான்தான் ஊரை வுட்டுப் போவணும். ஒரு வாரத்துல முடி."

"முடிச்சிடறேன் அண்ணி." மன்னிப்புக் கேட்கத்தான் வாய் திறந்தேன். அதுதான் வந்தது.

மகள் குடியிருப்பது இரண்டாவது மாடி. ஏறும்போது மூன்று இடத்தில் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார். "நீ போடா, கடைக்கு நேரமாவுது" என்றார். நான் போகவில்லை. பையைக் கீழே வைக்காமல், அவர் அடுத்த படிக்குக் காலைத் தூக்கும் வரை பின்னாலேயே நின்றேன்.