சாமியாகிப்போன மேல்மண்

ஆந்திர எல்லையில், குப்பம் ஊர்ப் பக்கம் கிரானைட் குவாரிக்கு அடுத்து எங்களுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. கூலி வேலையிலேயே காலம் தள்ளிய எங்கள் வம்சத்தில் நைனா வாங்கிய முதல் சொந்த மண். குவாரிக்காரர் கல் கழிவு கொட்டக் குத்தகைக்குக் கேட்டார், நைனாவும் கொடுத்துவிட்டார். குத்தகை முடிந்து நிலம் கைக்கு வந்தபோது நைனா இல்லை. நிலமும் ஏறக்குறைய இல்லை. பெரிய கற்களை எடுத்துக்கொண்டு, பொடியையும் சில்லையும் எங்களுக்குப் பெரிய மனதோடு விட்டுப் போயிருந்தார்கள். மழை பெய்தால் அது இறுகி ரோடு மாதிரி ஆகிவிடும். கொள்ளு விதைத்துப் பார்த்தேன். முளைத்து, என்னை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மஞ்சளாகிப் படுத்துக்கொண்டது. இந்த நிலமும் இல்லையென்றால் மறுபடி பெங்களூரு ரயிலேறிக் கட்டட வேலைக்குத்தான் போக வேண்டும். எனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

விவசாய ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்து பொடியை அள்ளிப் பார்த்தார். "இதுல எரு போட்டாலும் நிக்காது. பை மட்டி எக்கட?" என்றார். கழிவு கொட்டுமுன் வழித்தெடுத்த மேல்மண் எங்கே என்று கேட்கிறார். கூட நின்ற அத்தனை பேரும் நிலத்தின் ஈசானிய மூலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

குவாரிக்காரர் செய்த ஒரே நல்ல காரியம், மேல்மண்ணை அந்த மூலையில் குவித்து வைத்தது. சும்மா கிடந்த குவியலில் கரையான் புற்று கட்டியது. புற்றைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கை சும்மா இருக்குமா? மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வருஷா வருஷம் நாகுல சவிதி என்கிற நாக சதுர்த்திக்குப் பால் ஊற்ற வரிசை கட்டிவிட்டார்கள். பாம்பைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அது சீறியதைக் கேட்டவர்கள் ஊரில் பாதிப் பேர். வரிசையில் முதல் ஆள் என் மனைவி.

ஒருநாள் பொறுக்க முடியாமல் மண்வெட்டியோடு போனேன். அவள் குறுக்கே நின்றாள்.

"மம்புட்டி பட்டா கண்ணு பூடும்யா."

"கண்ணு இருந்து இன்னாத்த பாக்கறது? இந்தக் கல்லுமாவையா?" என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்கா ஓடிவந்து இரண்டு மொழியிலும் என்னைத் திட்டினார். திரும்பி வந்துவிட்டேன். என் கோபம் எப்போதும் அவ்வளவு தூரம்தான் நடக்கும்.

அந்த வருஷச் சவிதிக்கும் பால் ஊற்றினார்கள். ஊற்றி முடித்ததும் புற்று மண்ணைக் கிள்ளிக் காதில் வைத்துக்கொள்வது வழக்கம், காதுக்கு நோய் வராது என்பார்கள். என் மனைவி தன் காதில் வைத்தாள். முறைத்துக்கொண்டு நின்ற என்னையும் இழுத்து வைத்துவிட்டாள். பிறகு நிலத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இன்னொரு கிள்ளு எடுத்து, இறங்கிப் போய்க் கல்பொடியின் மேல் வைத்தாள்.

"இன்னாமே பண்றே?"

"பிரசாதம். நம்ம காதுக்கு வெக்கறோம், நெலத்துக்கு வெக்கக் கூடாதா?"

தெலுங்குக்கார அக்கா யோசித்துவிட்டு, தப்பில்லை என்று தலையாட்டினார்.

"ஆனா அதுக்குக் காது பெருசு. கிள்ளி வெச்சா பத்தாது, அள்ளித்தான் வெக்கணும்" என்று சொல்லிவிட்டு என் மனைவி கூடை எடுக்கப் போனாள்.

சட்டதிட்டங்களும் அவளே போட்டாள். புற்றையும் அதைச் சுற்றி ஒரு வளையத்தையும் தொடக் கூடாது, மீதியை எடுக்கலாம். இரும்பு படக் கூடாது. செருப்பு கூடாது. ஜேசிபி அரை நாளில் முடிக்கிற வேலையை ஊர்ப் பெண்கள் வெறுங்கையால் வாரக் கணக்கில் செய்தார்கள். கல் சில்லில் நொண்டிக்கொண்டு நானும் கூடை சுமந்தேன். "இப்பதான் பக்தி வந்துக்கினு இருக்குது" என்று அக்கா சிரித்தார். பரப்பிய மண்ணில் எருவுக்கு ஆட்டுக்கிடை போட்டு, மறுபடி கொள்ளே விதைத்தோம்.

மண் எட்டாத ஓரம் மட்டும் மொட்டையாகக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் கொடி பின்னிக்கொண்டு நின்றது. எத்தனை தரம் போய்ப் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ரயிலேறும் பேச்சு வீட்டில் நின்றுபோனது.

முதல் அறுவடைக் கொள்ளில் சுண்டல் செய்து என் மனைவி தட்டில் போட்டாள். இரண்டாவது வாயிலேயே நறுக்கென்று ஒரு கல். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே, துப்பப் போனேன்.

"துன்னுய்யா. நம்ம நெலத்துக் கல்லுதானே?"

நைனா நினைப்பு வந்தது. கல்லோடு சேர்த்து விழுங்கினேன்.