துலுக்கானம் வைத்த தண்ணீர்த் தொட்டி

இன்று காலை வானகரத்தில் துலுக்கானத்தை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அவரைப் பற்றி எழுத வேறு யாரும் இல்லை. எனக்கும் அந்தத் தகுதி இல்லை.

பூந்தமல்லியில் ஒரு மிராசுதாரரின் தோட்ட பங்களாவில் மலைப்பாம்பைப் பார்த்துக்கொண்டவர் அவர். பதினோரு அடிப் பாம்பு. விலங்கியலில் பட்டம் வாங்கிய நான் அங்கே மானேஜர். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் காலை வெயில் விழும்படி கூண்டைத் திருப்பி வைத்தது அவர்தான். மார்கழியில் செங்கல்லைச் சுட்டுச் சாக்கில் சுற்றி உள்ளே வைப்பார். கோழி அறுத்த கையோடு கூண்டுக்குள் போகமாட்டார். இரை தின்ற பாம்பிடம் பத்து நாள் யாரையும் விடமாட்டார்.

"விருந்து துன்னுட்டுப் படுத்துகினு கீது. மாப்ளய எயுப்புவியா நீ? போ, போ!"

கூண்டில் பெரிய மரத்தொட்டி ஒன்று நிறையத் தண்ணீர் வைத்திருந்தார். சட்டை உரிக்கும் நாட்களில் பாம்பு அதிலேயே அமிழ்ந்து கிடக்கும்.

1936 ஆடியில் எஜமானி சாமுண்டீஸ்வரி அம்மாளுக்கு ஓர் ஆசை. புற்றுக்குப் பால் வார்ப்பதுபோல் வெள்ளிக்கிழமை இந்தப் பாம்புக்கும் வார்க்க வேண்டும். அது குடிப்பதை உறவினர் பார்க்க வேண்டும். பாம்புக்குப் பால் ஆகாது என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். நல்ல பெயர் எடுக்கும் ஆசையில், குடிக்கவைக்கும் வழியை நானே கண்டுபிடித்தேன். பத்து நாள் முன்பே தொட்டியை எடுத்துவிடச் சொன்னேன்.

"இன்னா ஐயா நீங்க? வாயில்லாத ஜீவனைத் தவிக்க வுடறதா? உங்க புஸ்தகத்துல இப்படியா போட்டுகீது?"

"சொன்னதைச் செய்."

"என் கை வராது ஐயா."

வேறு ஆட்களை விட்டு எடுக்கவைத்தேன். மறுநாள் கூண்டில் ஓர் ஈரச் சாக்கு கிடந்தது. அதையும் எடுக்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பாம்பு பாலைக் குடித்தது. அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சரிகை வேட்டி கிடைத்தது. நான்காம் நாள் பாம்பு வாயைத் திறந்து மூச்சு வாங்கியது; வாயோரம் நுரை. துலுக்கானம் தொட்டியைத் திரும்ப வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆடி முடிவதற்குள் அது செத்தது.

மிராசுதாரர் காரணம் கேட்டார். "பராமரிப்பு சரியில்லை" என்றேன். துலுக்கானம் அருகில்தான் நின்றிருந்தார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து வைக்கப் போனார். அன்றே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஐந்து வருஷம் திருமழிசைப் பக்கம் செங்கல் சூளையில் மண் மிதித்தார்.

இன்று அவர் மனைவி பொன்னியம்மா என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"உங்களப் பத்திச் சொல்லுவாரு ஐயா. 'பட்ச்சவரு, அவருக்கும் அத்தச் செய்ய மனசில்ல. எசமானி சொன்னா, பாவம், அவரு இன்னா பண்ணுவாரு'ன்னு."

தொட்டியை எடுக்கச் சொன்னது எஜமானி அல்ல, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார்.

"வெயில்ல வந்துகீறீங்க. குடிங்க."

முழுவதும் குடித்தேன். சொல்லாமலே வந்துவிட்டேன்.