சுவர் இல்லாத தண்ணீர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் கடலைப் பற்றி எழுதப்போகிறேன்.

கள்ளக்குறிச்சியில் மாவு மில் வைத்திருப்பவன், பத்தாவதோடு படிப்பை முடித்தவன், கடலைப் பற்றியும் அதை அரசாங்கம் எப்படிக் கட்டம் கட்டிப் பிரிக்கிறது என்பது பற்றியும் எழுதலாமா? கூடாதுதான். ஒரு கல்யாணத்துக்குக் கடலூர் போனபோது பீச்சில் போய் நின்றேன். ஓர் அலை வந்தது. ஒரு செருப்பு போனது. கடலோடு எனக்குள்ள உறவு அவ்வளவுதான்.

ஆனால் இந்த வாரம் வேறு எதிலும் மனசு நிற்கவில்லை. மிளகாய்த் தூள் அரைத்த மெஷினைச் சுத்தம் செய்யாமல் ஒரு டீச்சரம்மாவின் கோதுமையைக் கொட்டிவிட்டேன். அவர் வீட்டில் அன்று எல்லோரும் சப்பாத்தி சாப்பிட்டுத் தும்மியிருக்கிறார்கள். மறுநாள் வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன்.

வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்... எனக்கு ஆட்களோடு பேச வராது. மில் தொழிலுக்கு வந்ததே அதனால்தான். மெஷின் ஓடும்போது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் காதில் விழாது. நைஸா, ரவையா? — விரலைக் காட்டினால் போதும்.

விஷயம் என் மகள் பவித்ரா. எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவள். தூத்துக்குடி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. கடலுக்குள் காற்றாலை நட அரசாங்கம் திட்டம் வைத்திருக்கிறதல்லவா, அதற்கு முன்னால் அங்கே காற்று எப்படி அடிக்கிறது என்று அளக்க வேண்டுமாம். அளக்கிற கருவி ஒரு மிதவையில் நடுக்கடலில் இருக்கும். போட்டில் போய் அதைப் பழுது பார்த்துவிட்டு வர வேண்டும்.

போட்டில்... நடுக்கடலில்.

எங்கள் பரம்பரையில் போட் ஏறியவர்கள் யாரும் இல்லை. நான் பரிசலில்கூட ஏறியதில்லை.

என் மனைவி செல்விக்கு அந்தக் கவலையே கிடையாது. "கரண்டு இல்ல கரண்டு இல்லன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பொலம்பிக்கினு இருக்கீங்க. பொண்ணு போயி காத்த புடிச்சி அனுப்பட்டுமே" என்றாள்.

மெஷினை ஓடவிட்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. கடலில் பாதுகாப்பாக இருப்பதற்கு ஒரு பயிற்சி எடுத்து, டெஸ்டில் பாஸாகி, சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் போட்டில் கால் வைக்க முடியாது. நல்ல விதி. என்னைக் கேட்டிருந்தால் இன்னும் நாலு விதி சேர்த்திருப்பேன்.

பயிற்சிக்குக் கிளம்புவதற்கு முன்னால் மில்லில் உட்கார்ந்து ஒரு மேப்பை போனில் காட்டினாள். நீலமாகக் கடல். அதன்மேல் கட்டம் கட்டமாகக் கோடுகள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நம்பர். டெண்டர் விட்டுக் கொடுப்பார்களாம்.

கல்வராயன் மலையிலிருந்து கேழ்வரகு அரைக்க வரும் அண்ணாமலை அண்ணனும் எட்டிப் பார்த்தார். வெள்ளிமலைப் பக்கத்து ஆள். அப்பா காலத்திலிருந்து உழுகிற நிலத்துக்குப் பட்டா கேட்டு இன்னும் அலைகிறவர்.

"கடலுக்கும் சர்வே நம்பர் போட்டுட்டாங்களாம்மா?"

"அது மாதிரிதான் பெரிப்பா."

"யாரு பேருல கீது?"

"கவர்மெண்டு பேருலதான். கம்பெனிக்கு லீசுக்கு வுடுவாங்க."

"அப்ப அங்க மீன் புடிச்சிக்கினு இருக்கறவன்?"

பவித்ரா மேப்பைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டினாள். "அவங்க போட்டு எந்தப் பக்கமா போவுது வருதுன்னு நாங்க குறிச்சிக்கணும் பெரிப்பா. அதுவும் எங்க வேலைதான்."

"குறிச்சிக்கினு?"

"மேல அனுப்புவோம்."

"மேல" என்றார் அண்ணாமலை அண்ணன். மாவுப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "எங்க நெலத்தையும் அப்பிடித்தான் குறிச்சிக்கினு போனாங்க. குறிச்சவங்கள்லாம் ரிட்டையர்டே ஆயிட்டாங்க. நீயாவது திரும்பி வந்து சொல்லும்மா."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்று முழுக்க என்னவோ போல இருந்தது. காற்றை அளக்கிறார்கள், கடலை அளக்கிறார்கள், சரி. நடுவில் இருக்கிற மனிதர்களைக் குறித்துக்கொள்வதோடு வேலை முடிந்துவிடுமா? யாரிடம் கேட்பது? கேட்கிற ஆளா நான்?

பவித்ரா பயிற்சிக்குப் போனாள். சென்னை தாண்டி ஓரிடம். பெரிய நீச்சல் குளத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நீச்சலைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை. களமருதூரில் செல்வியின் அண்ணன் பச்சையப்பனுக்கு நிலமும் கிணறும் உண்டு. முழுப் பரீட்சை லீவு விட்டால் பவித்ரா அந்தக் கிணற்றில்தான் கிடப்பாள். மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதிப்பாள். அடியில் போய் மண் அள்ளி வருவாள்.

அவள் பெயிலாகிவிட்டாள்.

போனில் சொன்னபோது நான் மெஷினையே நிறுத்திவிட்டேன்.

"இன்னாம்மா சொல்ற? நீச்சல்லயா?"

"நீச்சல்ல இல்லப்பா. சும்மா இருக்கறதுல."

விளக்கினாள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உயரத்திலிருந்து குதிக்க வேண்டும். குதித்ததும் நீந்தக் கூடாது. எல்லோரும் நடுவில் ஒன்று சேர்ந்து, கையோடு கை கோத்துக்கொண்டு, அசையாமல் மிதக்க வேண்டும். காப்பாற்ற ஆள் வருகிறவரைக்கும். கடலில் நீந்தினால் உடம்புச் சூடு போய்விடும், தெம்பு போய்விடும், ஆளுக்கொரு திசையில் போனால் தேடுகிறவர்களுக்குக் கிடைக்க மாட்டார்கள்.

பவித்ரா குதித்தாள். தலை வெளியே வந்த அடுத்த நொடியே ஓரத்துச் சுவரைப் போய்ப் பிடித்துவிட்டாள். மறுபடி குதிக்கச் சொன்னார்கள். மறுபடியும் சுவர். எல்லோரும் நடுவில் கை கோத்து மிதக்கிறார்கள். இவள் மட்டும் ஓரத்தில்.

பயிற்சியாளர் திட்டவில்லையாம். "கடல்ல சுவர் கிடையாதும்மா" என்றாராம். திங்கட்கிழமை இன்னொரு தரம் வரச் சொல்லியிருக்கிறார். அதிலும் விட்டால் அந்த வேலை வேறு ஆளுக்கு.

பிறகுதான் எனக்கு உறைத்தது. கிணற்றில் நீச்சல் பழகியவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? குதிப்பார்கள், நாலு கை போடுவார்கள், சுவர்க் கல்லைப் பிடிப்பார்கள். மூச்சு வாங்கிவிட்டு எதிர்ச் சுவருக்குப் போவார்கள். எந்தப் பக்கம் போனாலும் சுவர் இருக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் நீச்சல் என்றாலே சுவரிலிருந்து சுவருக்குப் போவதுதான். (கிணற்றுத் தவளைக் கதையை யாரும் எடுக்க வேண்டாம். அதை என் மகளே சொல்லி அழுதுவிட்டாள்.)

சனிக்கிழமை இரவு பவித்ரா வீட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் பஸ் பிடித்துக் களமருதூர் போனோம். சாயங்காலம் அவள் சென்னைக்குக் கிளம்ப வேண்டும்.

மச்சான் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இது ஒரு டெஸ்டா? சும்மா இருக்கறதுக்கு சர்ட்டிபிகேட்டா?" என்றார். "நான் காட்டறேன் பாரு." வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு குதித்தார். தண்ணீருக்கு மேலே வந்தார். நடுவிலே நின்றார்... நின்றார்... கை தானாகப் போய்க் கல்லைப் பிடித்தது.

"இன்னாண்ணே, நீயும் பெயிலா?" என்றாள் மேலே நின்ற செல்வி.

"இரு, இரு" என்று மறுபடி முயன்றார். மறுபடி கல். நாலாவது தடவை கல்லைப் பிடித்துக்கொண்டே, "என் கைய்ய கட்டிப் போட்டாத்தான் உண்டு. அது எம்பேச்ச கேக்க மாட்டேங்குது" என்றார்.

பவித்ரா படிக்கட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பக்கத்து வயலில் மணிலாவுக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் வேறு வந்து நின்றுவிட்டார்கள்.

அப்போதுதான் செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இவுருக்கு நீச்சலே தெரியாது. இவுர எறக்கு. இவுரு எங்க போவாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் நான் தவிர்க்கப் பார்க்கிற விஷயம் அது ஒன்றுதான்.

மறுக்க வாய் திறப்பதற்குள் காலி எண்ணெய் கேன்கள் வந்துவிட்டன. நைலான் கயிற்றால் நெஞ்சைச் சுற்றிக் கட்டினார்கள். மச்சான் மேலே ஏறிவந்து, கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு மோட்டார் ரூம் பக்கம் நின்றார். நான் பனியனைக் கழற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, பனியனும் லுங்கியுமாகப் படி இறங்கினேன். கடைசிப் படிக்குக் கீழே படி இல்லை. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். பிறகு கேன்கள் என்னைத் தூக்கிவிட்டன. எத்தனை துவைத்தாலும் என் துணியிலிருந்து மாவு போகாது. என்னைச் சுற்றித் தண்ணீர் மெல்ல வெள்ளையாகியது.

"மீனுக்குத் தீனி போடறியா மாப்ள?" என்றார் மச்சான். மேலே பெண்கள் சிரித்தார்கள். "மாவுக்கார மாமாவ கரைச்சிப்புடாதீங்க" என்றது ஒரு குரல்.

நான் நடுவில் மிதந்தேன். ஓரத்துக்குப் போக எனக்கு ஆசைதான். வழிதான் தெரியவில்லை.

பவித்ரா கூரைமேல் ஏறினாள். மூக்கைப் பிடித்து, ஒரு கையை நெஞ்சில் வைத்து, சொல்லிக்கொடுத்தபடியே குதித்தாள். கிணறே அதிர்ந்தது. மேலே வந்தாள். கண் சுவரைத் தேடியது. உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்தது. நான் கையை நீட்டினேன். அவளைக் காப்பாற்ற அல்ல, பயத்தில். அவள் வந்து கோத்துக்கொண்டாள்.

இன்னொரு கையால் முகத்துத் தண்ணீரை வழித்தாள்.

"பயமா கீதாப்பா?" என்றாள், மேலே கேட்காதபடி.

"இல்ல."

"எனக்குக் கீது. இங்க இல்ல. அங்க. போட்லேர்ந்து பாத்தா எந்தப் பக்கமும் ஒண்ணும் தெரியாதாம்."

இதுவரை அவள் சொன்னதே இல்லை. வேலை கிடைத்த நாளிலிருந்து சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். 'அப்ப வாணாம்மா, வூட்டோட இரு' என்பது என் தொண்டை வரை வந்தது. அந்த ஒரு வார்த்தை போதும், அவள் சென்னை பஸ்ஸை விட்டுவிடுவாள் என்று தோன்றியது.

"எனக்கும் கீது" என்றேன். "கால ஆட்டாத. இப்பிடியே இருப்போம்."

இருந்தோம். அவள் கை ஓரிரு முறை துள்ளியது. நான் விடவில்லை. விட்டால் நான் கவிழ்ந்துவிடுவேனோ என்ற பயமும் உண்டு. மச்சான் மேலே ஒரு பீடியைப் பற்றவைத்து, நிதானமாக இழுத்து முடிக்கும் வரைக்கும் அப்படியே கிடந்தோம். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கிணற்றுக்குள் அத்தனை அமைதி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மில்லுக்கு நேர் எதிர்.

பிறகு இன்னும் பல தடவை குதித்தாள். கடைசியில் அவள் கண் சுவரைத் தேடவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஈரத் தலையோடு யோசித்துக்கொண்டே வந்தேன். அசையாமல் இரு, ஒருவரை ஒருவர் விடாதே, ஆள் வரும். அரசாங்கம் எத்தனையோ விதி போடுகிறது, அதில் இது நல்ல விதி. ஆனால் ஒன்று... ஆள் வர வேண்டும் அல்லவா? அண்ணாமலை அண்ணன் அவர் அப்பா காலத்திலிருந்து மிதக்கிறார். கடலில் கட்டம் போட்ட பிறகு அந்த மீனவர்கள் எத்தனை நாள் மிதக்க வேண்டியிருக்கும்? மிதக்கிறவர்களுக்கு ஒரு டெஸ்ட் வைத்திருப்பதுபோல, வந்து தூக்க வேண்டியவர்களுக்கும் ஒரு டெஸ்ட் வைத்திருக்கிறார்களா?

பவித்ராவிடம் கேட்டேன். இந்த மாதிரி நானாகப் பேச்செடுப்பது அபூர்வம்.

"தெரியலப்பா" என்றாள். "நான் குறிக்கறத சரியா குறிப்பேன். அனுப்பினது இன்னா ஆச்சின்னு கேட்டுக்கினே இருப்பேன். பெரிப்பாகிட்ட சொல்லணுமில்ல."

சாயங்காலம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவளைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம்.

மறுநாள் திங்கட்கிழமை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து எங்கள் ஏரியாவில் கரண்ட் இல்லை. மதியம் பவித்ரா போன் செய்தாள். பாஸ். மில் ஓடாததால் அவள் சொன்னது தெளிவாகக் கேட்டது.