கூட்டாமல் விட்ட மரத்தடி

சின்ன வயதில் நான் செய்த கெட்டிக்காரத்தனங்களில் ஒன்றே ஒன்றைத்தான் வீட்டில் எல்லோரும் ஒருமனதாகப் பாராட்டினார்கள். அப்பா மந்தாரக்குப்பம் போய் அல்வா வாங்கிவந்தார். அந்த ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கின் கடைசி வரிசையில் இருந்தது. தோட்டத்துக் கதவைத் திறந்தால் காம்பவுண்டு சுவர். சுவரில் ஆடுகள் போய்வந்து இடிந்துபோன ஒரு சந்து. அதில் நுழைந்தால் முந்திரித்தோப்பு. அதன் ஓரத்தில் நாற்பது மரம் அப்பாவின் பங்குக்கு வந்தது. இப்போது அந்தத் தோப்பு இல்லை. சுரங்கம் அந்தப் பக்கம் வந்துவிட்டது. மரங்கள் நின்ற இடத்தை யாராவது காட்டச் சொன்னால், எட்டாத பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றைத்தான் காட்ட வேண்டும்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. வடலூருக்குப் பக்கத்து ஊரில் வாக்கப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தானே நடக்க வேண்டும். அவளைப் பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் எங்கள் குவார்ட்டர்ஸ்தான் அவளுக்குப் பிறந்த வீடு. இரண்டு அறையில் ஒன்றை அவளுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு அம்மா பீரோவைச் சமையலறை வாசலுக்குத் தள்ளினாள். மாசி மாதம் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றைக்கே போய்விட்டது.

எனக்கு ஒன்பது வயது. சாமி எடுத்துக்கொண்டது என்று மட்டும் என்னிடம் சொன்னார்கள். பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். அப்பாவும் அத்தையின் வீட்டுக்காரரான மாமாவும் துணியில் சுற்றி எடுத்துப்போய், எங்கள் தோப்பின் மூலையில் ஒரு மரத்தடியில் புதைத்து, நரி நோண்டாமலிருக்க மேலே முள் வெட்டிப் போட்டுவிட்டு வந்தார்கள். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குச் சொல்லப்பட்டது, மூலை மரத்தடியில் பாம்பு இருக்கிறது, அங்கே போகக் கூடாது என்பதுதான்.

பங்குனியில் கொட்டை விழத் தொடங்குவதற்குள் முந்திரி மரத்தடியெல்லாம் சருகு வாரிக் கூட்டிக் கொளுத்திவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வெறுந்தரையில் விழுந்தால்தான் கொட்டை கண்ணுக்குத் தெரியும். அந்த வருஷமும் ஆள் வைத்து முப்பத்தொன்பது மரத்தடியைக் கூட்டினார்கள். மூலை மரத்தை மட்டும் கூட்ட வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாள். அவள் அந்த நாட்களில் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான் என்பதால் அப்பாவும் விட்டுவிட்டார்.

அதற்கப்புறம்தான் குரல் கேட்க ஆரம்பித்தது. பொழுது சாய்ந்து முதல் விளக்குப் போடும் நேரத்தில் தோப்பிலிருந்து வரும். பீக், பீக் என்று மெதுவாக ஆரம்பித்து, வேகமெடுத்து, உச்சிக்குப் போய், மூச்சுமுட்டி அடங்கும். வெகுநேரம் யாரும் தூக்காமல் விட்ட கைக்குழந்தை அப்படித்தான் அழும். அத்தை கையில் எது இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டுத் தோட்டத்துக் கதவுக்கு ஓடுவாள். சந்தில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, குரல் நிற்கும்வரை நிற்பாள். திரும்பி வரும்போது அவள் ஜாக்கெட்டின் முன்பக்கம் நனைந்திருக்கும். பாத்திரம் கழுவின ஈரம் என்று நினைத்துக்கொள்வேன்.

பூனை என்றாள் அம்மா. மயில் என்றார் அப்பா. ஒருவரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அவர்களுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. மாமா இரண்டு முறை கூப்பிட வந்தார். அத்தை வர மாட்டேன் என்றாள். அவள் போய்விட்டால் அது அழும்போது யார் இருப்பார்கள் என்று கேட்டாள். மாமா நல்ல மனிதர்தான். காபியைக் குடித்துவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

மூன்றாவது முறை அத்தையின் மாமியார் வந்தாள். வந்த நேரம் குரலும் வந்தது, அத்தையும் ஓடினாள். அந்த அம்மாள் கூடத்தில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இவளைப் பேய் பிடித்திருக்கிறது, முடியைச் சுற்றிப் பிடித்து அடித்து ஓட்டுகிற இடம் ஒன்று எனக்குத் தெரியும், அங்கே கூட்டிப்போங்கள், சித்திரை முடிவதற்குள் சரியாகவில்லை என்றால் என் மகனுக்கும் வயசு போய்விடவில்லை. அத்தையின் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். தினமும் அதைப் பின்னிவிடுகிறவள் நான். அதை எவனோ ஒருவன் கையில் சுற்றப்போகிறான். குரல் யாருடையது என்று கண்டுபிடித்துக் காட்டிவிட்டால் அத்தையை யாரும் அடிக்க முடியாது என்று முடிவு செய்தேன்.

முழுஆண்டுப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று ரஃப் நோட்டோடு தோப்புக்குப் போனேன். மயில் இல்லை என்பது முதல் நாளே தெரிந்தது. மயில் மரத்தில் ஏறிக்கொண்டு கத்தும், இந்தக் குரல் தரையிலிருந்து வந்தது. பூனையும் இல்லை. பெருக்கின செம்மண்ணில் காலடி கிடந்தது, மூன்று விரல். கோழிக்காலாக இருந்தால் பின்னால் ஒரு விரல் பதிந்திருக்கும். இதற்கு அது இல்லவே இல்லை. சுரங்கத்துத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் கரையில் ஆள்காட்டிக் குருவிகளைப் பார்த்திருக்கிறேன், கரையோர ஈரத்தில் இதே மாதிரி தடம். ஆனால் ஆள்காட்டி, பெயருக்கேற்ப ஆளைக் கண்டால்தான் கத்தும். இதுவோ ஆள் இல்லாதபோது கத்தியது. தண்ணீர்க் கரையில் நிற்க வேண்டிய காலை வைத்துக்கொண்டு முந்திரிக்காட்டில் இதற்கு என்ன வேலை என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

ஐந்தாம் நாள் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன் என்று சொல்ல வேண்டும். மூலை மரத்தின் நிழலில், சருகுக்கும் முள்ளுக்கும் நடுவில், ஒரு சருகுக் குவியலுக்குக் கண் இருந்தது. பெரிய மஞ்சள் கண். அதைச் சுற்றித்தான் பறவை மெல்ல மெல்லத் தெரிந்தது. கோழியைவிடச் சின்ன உடம்பு, மண்நிறத்தில் கறுப்புக் கீற்றுகள், முட்டி புடைத்த நீண்ட மஞ்சள் கால்கள். நான் அசையும்வரை அதுவும் அசையவில்லை. அசைந்ததும் தலையைத் தாழ்த்தி நாலு எட்டு ஓடி, சட்டென்று நின்று, கழுத்தைத் தரையோடு நீட்டிப் படுத்து மறுபடி சருகாகிவிட்டது. அது படுத்திருந்த இடத்தில் கூடு என்று ஒரு குச்சிகூட இல்லாமல் வெறும் மண்ணில் இரண்டு முட்டை. மண்ணைப் போலவே புள்ளி போட்டவை.

தோப்பைக் கூட்ட வந்த பெண்மணிக்கு அதைத் தெரிந்திருந்தது. “அது கண்கிலேடி. பகலெல்லாம் நெழல்ல செலையாட்டம் நிக்கும், பொழுது போனா ஊர கூட்டும்” என்றாள். பின்னாளில் ஒரு பறவைப் புத்தகத்தில் படித்தேன், கரைப்பறவைகளின் வம்சம்தானாம். தண்ணீரை விட்டு வறண்ட தோப்பிலும் முள்காட்டிலும் தங்கிவிட்ட கிளை. ஆள் நடமாட்டம் இல்லாத தரைதான் அதற்கு வேண்டும். முப்பத்தொன்பது மரத்தடியைக் கூட்டிவிட்டு ஒன்றை மட்டும் நாங்கள் விட்டுவைத்தோம். அது வேறு எங்கே போகும்? அத்தை நினைத்தது சரிதான், குரல் அந்த இடத்திலிருந்துதான் வந்தது.

மறுநாள் சாயங்காலம் அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஒன்று காட்டுகிறேன், பேசாமல் வா என்றேன். மூலை மரத்துக்கு இருபது அடி இருக்கும்போது அவள் கால் நின்றுவிட்டது. பாம்புக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து, பாம்பெல்லாம் இல்லை, நான் தினமும் வருகிறேன் என்று தைரியம் சொன்னேன். வெளிச்சம் மங்கியது. கண்கிலேடி எழுந்து நின்றது. தொண்டை துடிக்க, எங்கள் கண்ணெதிரே, முழுக்குரலும் அழுது முடித்தது. போதாதென்று நான் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து அந்த மரத்தடியைப் பார்த்து வீசினேன். அது வெளியே ஓடி, முழுசாக நின்று, எங்களைப் பார்த்தது.

“பாத்தியா? குருவி அத்தை. வெறும் குருவி” என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, பறவையையும் பார்க்கவில்லை. மண்ணாங்கட்டி விழுந்து உடைந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ விலாசம் விசாரிக்கிறவள்போல, “அப்ப எம்புள்ள அழவே இல்லியா?” என்றாள்.

இல்லவே இல்லை என்று நான் குதித்தேன். அதைத்தானே ஒரு வாரமாக நிரூபிக்கப் பாடுபட்டேன்.

அந்தக் கேள்வி எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று. என் மகள் பிறந்தபோது அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அதற்குள் அவள் பேச்சு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை என்று சுருங்கிவிட்டிருந்தது. வேறு குழந்தையும் பிறக்கவில்லை. கட்டில் ஓரமாக நின்றுகொண்டு, பொறந்ததும் அழுதுச்சா என்று மட்டும் கேட்டாள். அழுதது என்றேன். தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அம்மாதான் அப்புறம் சொன்னாள். அத்தையின் குழந்தை அழாமலே பிறந்தது. தலைகீழாகப் பிடித்துத் தட்டினார்களாம், முகத்தில் தண்ணீர் தெளித்தார்களாம், ஒரு சத்தம் வரவில்லை. அது உயிரோடுதான் வந்தது என்பதற்கு அத்தையிடம் இருந்த ஒரே ருசு தோப்பிலிருந்து வந்த அந்தக் குரல். அதை நான் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். யாராவது சொல்லியிருந்தால் நான் அந்தப் பறவையைக் காட்டியே இருக்க மாட்டேன். சொல்லவில்லையே என்று அவர்கள்மேல் பழியைப் போட்டுப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை.

பறவையைக் காட்டிய அன்றைக்கு வீட்டில் திருவிழாதான். அல்வா வந்தது. பேயும் இல்லை பிசாசும் இல்லை, கண்கிலேடி என்று அப்பா மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். அம்மா என் தலையில் கைவைத்து நெட்டி முறித்தாள். அத்தை இனி தன் வீட்டுக்குப் போகத் தடையில்லை என்றார்கள். அவளும் போகிறேன் என்றாள். மறுநாள் சாயங்காலம் குரல் வந்தபோது அவள் கதவுக்கு ஓடவில்லை, வாணலியில் வெங்காயத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டு நான் நேரே தோப்புக்குப் போனேன். மூலை மரத்தடி கூட்டியிருந்தது. முள் இல்லை, சருகு இல்லை, சிவந்த தரையில் விளக்குமாற்றுக் கோடுகள் வரிவரியாக ஓடின. கொஞ்சம் தள்ளி சருகுக் குவியல் எரிந்து சாம்பலாகியிருந்தது. குச்சியால் கிளறினேன். முட்டையோட்டுச் சில்லு இரண்டு மூன்று கிடைத்தது.

வீட்டுக்கு ஓடிவந்து கத்தினேன். யார் கூட்டினார்கள் என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை நான்தான் என்றாள். கொட்டை விழுகிற காலம், ஒரு மரத்தை மட்டும் எதற்கு விட்டுவைப்பது என்றாள்.

“முட்டைய பாக்கலயா நீ?”

“பாத்தேன். பாத்துட்டுத்தான் கூட்டுனேன்.”

“அதோட அம்மா வந்து தேடுமில்ல?”

அத்தை கையிலிருந்த சேலையை நாலாக மடித்து, பையில் வைத்து, மேலே கையால் நீவிவிட்டாள். “ரெண்டு நாளைக்குக் கத்திகினு கெடக்கும் பாப்பா. அப்பறம் தானா வுட்டுடும்” என்றாள்.

அவளைப்போல ஒரு கல்நெஞ்சுக்காரி உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். அன்றிரவு அவள் பக்கத்தில் படுக்கவில்லை. காலையில் அவளே தலை பின்னிக்கொண்டாள். மாமா ஆட்டோ கொண்டுவந்தார். என்னைக் கூப்பிட்டாள், நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். கதவை ஒருமுறை தட்டினாள். அம்மா வெளியிலிருந்து என்னைத் திட்டினாள். ஆட்டோ சத்தம் பிளாக் முனைவரைக்கும் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்துக்குத் தோப்பில் குரல் எழுந்தது. வழக்கத்தைவிட நீளமாக, விட்டு விட்டு, இடம் மாறி மாறி வந்தது. அம்மா பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். உன் கண்கிலேடிதான்டி என்று சிரித்தாள். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். அது பறவை என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் வாய்ப்பாடு எழுதிக்கொண்டு, முட்டைக்காக அத்தையைக் கருவிக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் கேட்டு எழுந்து போகிறவளாக வீட்டில் இருந்தது ஒரே ஒருத்தி என்பதும், அவளைத்தான் காலையில் வழியனுப்பாமல் அனுப்பிவைத்தேன் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.