இடது கார்னர்

கபடியில் நான் ஆடிய இடம் இடது கார்னர், பிடிக்கிறவர்கள் வரிசையில் இடது ஓரம். எதிரணியிலிருந்து ஒருத்தி மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு வருவாள். எங்களில் யாரையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பப் பார்ப்பாள். அவளைத் திரும்ப விடாமல் பிடித்து நிறுத்துவது என் வேலை. கைதட்டல் பெரும்பாலும் பாடிப் போகிறவர்களுக்குத்தான் கிடைக்கும். பிடிக்கிறவர்களுக்கு முழங்கை தேயும், உதடு கிழியும். இருந்தும் எனக்கு அந்த இடம்தான் பிடித்திருந்தது. கூட்டம் முழுக்கப் பாடி வரும் ரைடரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் அவளுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். எங்கள் தோட்டம் அன்னூருக்குப் பக்கம். எங்கள் குடும்பத்தில் பெண்கள் எல்லோருமே நல்ல உயரம், அதில் நான் அகலமும் கூட. சேர்ந்த முதல் வாரத்தில் விளையாட்டு மேடம் என்னை வராந்தாவில் நிறுத்தி ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன வெளையாடுவே?"

"ஒண்ணும் வெளையாட மாட்டனுங்க மேடம்."

"தோட்டத்துல என்ன வேலை செய்வே?"

"மாட்டுக்குத் தீவனம் போடுவேன், கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டு ஓடுனாப் புடிச்சுக் கட்டுவனுங்க."

"சாயங்காலம் கிரவுண்டுக்கு வா" என்றார்.

கன்றுக்குட்டி பிடித்த அனுபவம் முதல் ஆறு மாதத்துக்கு எந்த உதவியும் செய்யவில்லை. சீனியர் அக்கா ஒருத்தி ரைடு வருவாள். நான் அவள் இடுப்பைக் கட்டிப் பிடிப்பேன். அவள் என்னையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவாள். மண் வாய்க்குள் போகும். ஒருநாள் இழுபட்டுப் போகும்போது கை வழுக்கிக் கீழே இறங்கி அவள் கணுக்காலில் மாட்டியது. அவள் நின்ற இடத்திலேயே குப்புற விழுந்தாள். அன்றிலிருந்து நான் இடுப்புக்குப் போவதை விட்டுவிட்டேன். முன்னங்காலைத் தூக்கி வைக்கும்போது பின்னங்காலில் உடம்பின் எடை முழுவதும் இறங்கும், அந்த நொடியில் கணுக்காலைப் பிடித்தால் எப்பேர்ப்பட்டவளும் விழுவாள். அதைத் தவறாமல் செய்ய எனக்கு இரண்டாம் வருடத்தில்தான் வந்தது.

கார்னரில் நிற்பவள் பக்கத்தில் நிற்பவளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். என் கையைப் பிடித்து நின்றவள் பீளமேட்டுக்காரி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவள் அப்பா பஞ்சாலையில் ஃபிட்டர். ஒல்லியாக இருப்பாள், ஆனால் அவள் பிடித்தால் விரல் நெரியும். பாய வேண்டிய நேரம் வந்தால் நான் "இப்புடு" என்று கத்துவேன். தெலுங்கில் இப்போது என்று அர்த்தம், அவள் சொல்லிக் கொடுத்தது. எதிரணிக்குப் புரியாது என்பதற்காக வைத்துக்கொண்டோம். நான் காலுக்குப் போவேன், அவள் மேலே விழுவாள். பல்கலைக்கழகப் போட்டியில் எங்கள் கல்லூரி ஜெயித்தது பெரும்பாலும் இந்த ஒரு பிடியால்தான்.

அந்தப் போட்டியின் போட்டோ பேப்பரில் வந்தது. அன்னூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எங்கய்யன் அதைப் பார்த்துவிட்டார். அப்பாவை நாங்கள் அய்யன் என்றுதான் சொல்வோம். பேப்பரை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"அரை டவுசர் போட்டுட்டா ஆடறே?"

"எல்லாரும் அதுதானுங்கய்யா போடுவாங்க."

"எல்லாரும் போடட்டும். ஊருல என்ன பேசுவாங்க?"

அம்மா அடுப்படியிலிருந்து, "என்ற புள்ளை ஜெயிச்சுதா, தோத்துதா? அதைச் சொல்லுங்க மொதல்ல" என்றாள். அய்யன் கிணற்று மோட்டார் போடப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆட வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

படிப்பு முடியும்போது சிங்காநல்லூர்ப் பக்கம் இருந்த ஒரு பெரிய மில்லில் பெண்கள் கபடி அணி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே லேபர் ஆபீசராக இருந்தவருக்குக் கபடி என்றால் பைத்தியம். எனக்கு வேலை கிடைத்தது. என் கையைப் பிடித்து நின்ற தோழிக்கும் கிடைத்தது. ஆனால் அவள் போலீசில் சேரப் போவதாகச் சொன்னாள். உயரமும் ஓட்டமும் அவளுக்குச் சரியாக இருந்தன. நாங்கள் பிரிந்தது அப்படித்தான். அழுகை எல்லாம் இல்லை. காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டோம், அவள் பஸ் ஏறிப் போனாள். அடுத்த நாள் பயிற்சியில் புதிய பெண் ஒருத்தி என் கையைப் பிடித்தாள். அவள் கை வேர்த்து வழுக்கியது.

மில்லில் மத்தியானம் வரை நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங்கில் வேலை. அதற்குப் பிறகு குடோனுக்குப் பின்னால் இருந்த மண் கிரவுண்டில் பயிற்சி. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க அப்படியே ஆடுவோம். உடன் வேலை செய்த அக்காமார்கள் ஷிஃப்ட் முடிந்து போகும் வழியில் நின்று, "அந்தக் காலை வுடாதே அம்மணி" என்று கத்துவார்கள். கரூர், திண்டுக்கல், சேலம் என்று ஊர் ஊராகப் போனோம். எங்கள் ஊரில் அய்யன் கேட்பவர்களிடம், "புள்ளை மில்லுல வேலைக்குப் போகுதுங்க" என்பார். கபடி என்ற சொல் அவர் வாயில் வராது.

அந்த வேலையில் இருந்தபோதுதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார், பம்ப் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. அதற்கு முந்தின நாள் ஒரு ஆட்டத்தில் ரைடரின் முட்டி என் வாயில் பட்டு மேலுதடு வீங்கியிருந்தது. அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள், வீக்கம் மஞ்சளானதைத் தவிர வேறு ஒன்றும் ஆகவில்லை. காபி கொண்டுபோய் வைத்தபோது மாப்பிள்ளையின் பெரியம்மா பார்த்துவிட்டார்.

"ஒதட்டுல என்னங் கண்ணு?"

"கதவுல இடிச்சுக்கிட்டாளுங்க" என்றாள் அம்மா.

"கபடியில பட்டுதுங்க" என்றேன் நான், அதே நேரத்தில்.

அய்யன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தார்.

"பாடிப் போறவங்களா, புடிக்கறவங்களா?"

"புடிக்கறதுங்க. லெஃப்ட் கார்னர்."

"அது செரமமான எடமாச்சே" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

கல்யாணத்துக்குப் பின் ஆடலாமா என்று நானே கேட்டுச் சொல்லி அனுப்பினேன். ஆடட்டும் என்று பதில் வந்தது. மாமியார் மட்டும் டவுசரை வெளிக்கொடியில் காயப் போடக் கூடாது என்றார். ஒரு சேலையை விரித்து, அதன் பின்னால் காயப் போடுவேன். இவர் பக்கத்து ஊர் ஆட்டங்களுக்கு ஸ்கூட்டரில் வந்து கூட்டத்துக்குப் பின்னால் நிற்பார். கை தட்ட மாட்டார். திரும்பி வரும் வழியில், "மூணாவது ரைடுல நீ கொஞ்சம் அவசரப்பட்டுட்டே" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் பவானியில் ஒரு போட்டி நடந்தது. ஜெயிக்கிற அணிக்குக் கோப்பையோடு ஆளுக்கு ஒரு ஜமக்காளமும் உண்டு. இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிராகப் போலீஸ் அணி. அதில் என் பழைய தோழி இருந்தாள். இப்போது அவள் ரைடர். அங்கே பிடிக்க ஆள் நிறைய இருந்ததால் இவளைப் பாடிப் போக வைத்துவிட்டார்களாம். மத்தியானம் ஒரு வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் அவள் கொண்டுவந்த தக்காளிச் சாதத்தைச் சாப்பிட்டோம். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. என் தாலியை எடுத்துப் பார்த்து, "இதைக் கழட்டி வெச்சுட்டா ஆடறே?" என்றாள். "துணி சுத்திப் பின்னு குத்திக்குவேன்" என்றேன்.

சாயங்காலம் ஆட்டம் தொடங்கியது. கடைசி வரை யாரும் பெரிதாக முன்னேறவில்லை. முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. அவள் பாடி வந்தாள். நேராக என் பக்கம்தான் வந்தாள். அவள் வலது காலைத் தூக்கி வைத்தாள். பின்னங்காலில் எடை இறங்கியது. என்னை அறியாமல் "இப்புடு" என்று கத்திவிட்டேன்.

அந்தச் சொல் என் புது ஜோடிக்குத் தெரியாது. எதிரே வந்தவளுக்குத்தான் தெரியும். காதில் விழுந்ததுமே அவள் குதித்துவிட்டாள். நான் பாய்ந்த இடத்தில் கால் இல்லை. காற்றிலேயே உடம்பைத் திருப்பி, அவள் இறங்கும்போது கணுக்காலைப் பிடித்தேன். என் இடது முட்டி மண்ணில் ஊன்றியபடி இருக்க, உடம்பு மட்டும் சுழன்றது. உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. கையை மட்டும் விடவில்லை. மற்றவர்கள் வந்து விழுந்தார்கள். விசில் கேட்டது. அவள் அவுட்.

நாங்கள் ஜெயித்தோம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். எழுந்து நிற்கப் பார்த்தேன், முடியவில்லை. என் அணிப் பெண்கள் குதித்துக்கொண்டிருந்தபோது அதை முதலில் பார்த்தவள் என் தோழிதான். என்னைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை வந்தாள்.

"ஏண்டி கத்துனே? நீ கத்தாம இருந்திருந்தா நான் குதிச்சிருக்க மாட்டேன்."

"கத்தாமப் புடிக்க எனக்கு வராது."

வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தெலுங்கில் என்னவோ முனகிக்கொண்டே இருந்தாள்.

கோயமுத்தூரில் எலும்பு டாக்டர் முட்டியைப் பிடித்து அசைத்துப் பார்த்து, தசைநார் அறுந்திருக்கிறது, நடக்கலாம், ஆட முடியாது என்றார். எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் இவர் ஸ்கூட்டரை மிக மெதுவாக ஓட்டினார். அன்று ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மில்லில் என்னை வருகைப் பதிவு எழுதும் டைம் ஆபீசுக்கு மாற்றினார்கள். என் மேஜைக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் கிரவுண்டு சத்தம் கேட்கும். பல மாதங்கள் அதைச் சாத்தியே வைத்திருந்தேன். புழுக்கம் தாங்காமல் மற்றவர்கள் திறந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். பிறகு நூல் வியாபாரம் படுத்தது. முதலில் அணியைக் கலைத்தார்கள், அடுத்து ஒரு ஷிஃப்டை நிறுத்தினார்கள். கிரவுண்டில் பழைய மிஷின்களைக் கொண்டுவந்து போட்டார்கள். மில் வேலையை விட்டு வந்தபோது என் பெண் குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தாள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர், "அம்பயர் பரீட்சை வெக்கறாங்களாம். பொம்பளைங்களும் எழுதலாமாம்" என்றார்.

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்லை. குழம்பு ஊத்து."

பரீட்சை எழுதினேன். சட்டமெல்லாம் தெரிந்ததுதான், பாஸானேன். முதலில் பள்ளிக்கூடப் பெண்கள் ஆட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து மாரியம்மன் கோயில் நோம்பியை ஒட்டி ஆண்கள் போட்டி ஒன்றுக்கு வரவேண்டிய அம்பயர் வராமல் போக, என்னைக் கூப்பிட்டார்கள். பேன்ட்டும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு போனேன். ஒரு அணியின் கேப்டன் என்னைப் பார்த்துவிட்டுக் கமிட்டிக்காரரிடம், "ஏனுங்க, வேற ஆளே கெடைக்கலீங்களா?" என்று கேட்டார். என் காதில் விழும்படிதான் கேட்டார்.

பாதி ஆட்டத்தில் அதே கேப்டன் ரைடு வந்து, யாரையும் தொடாமல் திரும்பும்போது குதிகாலால் ஓரக்கோட்டைத் தாண்டி மிதித்தார். விசில் ஊதி அவுட் காட்டினேன்.

"எங்க மிதிச்சேன்? கோட்டுக்குள்ளதானுங்க இருந்தேன்."

"மிதிச்சுட்டீங்க. வெளிய போங்க."

"உங்களுக்கு என்னங்க தெரியும்?"

கூட்டம் சத்தம் போட்டது. கமிட்டிக்காரர் எழுந்து என்னைப் பார்த்தார். நான் கோட்டுக்குப் பக்கம் போய், மண்ணில் பதிந்திருந்த குதிகால் தடத்தைக் காட்டினேன். கோட்டுக்கு வெளியே பெருவிரல் அளவுக்கு இருந்தது.

"இது உங்க காலுங்களா, என்ற காலுங்களா?"

சிலர் சிரித்தார்கள். அவர் தடத்தைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், பிறகு வெளியே போய் உட்கார்ந்தார். அவருடைய அணியே கடைசியில் ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் கமிட்டிக்காரர் ஒரு இளநீரைச் சீவிக் கொடுத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சத்தியமங்கலத்தில் ஒரு போட்டி இருக்கிறது, வர முடியுமா என்று கேட்டார்.

"வாரனுங்க" என்றேன்.