வைப்பருக்கும் ஒரு பொட்டு

ஊரில் இருந்தவரை ஆயுத பூஜை எனக்கு ஒரு விடுமுறை நாள், அவ்வளவுதான். சைக்கிளுக்குப் பேருக்கு ஒரு பொட்டு வைப்பேன். புத்தகப் பையை மொத்தமாகக் கொண்டுபோய்ச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்குவேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக் கூடாது என்ற விதியை எங்கள் வீட்டில் என்னைப் போல் பயபக்தியோடு கடைப்பிடித்தவர்கள் யாரும் இல்லை.

ஆக்லாந்துக்கு வந்து எட்டு மாதத்தில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. பண்டிகை என்று எது வந்தாலும் விடுவதில்லை. விநாயகர் சதுர்த்திக்குக் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை வாங்கி, கடையில் பச்சை நிறம்தான் இருந்தது என்பதால், பச்சைப் பிள்ளையார் பிடித்தேன். ஊரில் கண்டுகொள்ளாத விரதங்களையெல்லாம் இணையத்தில் தேடிப் பிடித்து அறிவித்துக்கொண்டிருந்தேன். ஹில்ஸ்பரோ என்ற பகுதியில் நாங்கள் இருந்த வீட்டில் என்னோடு சேர்த்து மூன்று பேர். என் அறிவிப்புகளைக் கேட்டுத் தீர வேண்டியவர்கள் மற்ற இருவர்.

ஒருவர் வீட்டின் சொந்தக்காரி. மலேசியாவிலிருந்து வந்து பல வருடமாகிவிட்ட நர்ஸ் அக்கா. இரண்டு அறைகளை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இன்னொருவன் யாழ்ப்பாணத்துப் பையன், என் வயதுதான், கத்தோலிக்கன். மங்கரேயில் விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கில் வேலை. காலை ஆறு மணிக்கு ஷிப்ட். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து பஸ் கிடையாது. அக்கா தன் பழைய வெள்ளைக் காரைக் கொடுத்திருந்தார். ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே இறக்குமதியான வண்டி அது. ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். மன்னிப்புக் கேட்கிறாள் என்பது அக்காவின் கருத்து. வண்டியின் நிலைமைக்கு அதுதான் பொருத்தம்.

அவனிடம் இருந்தது இலங்கை லைசென்ஸ். வெளிநாட்டு லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே ஒரு வருடம்தான் ஓட்டலாம். அவனுக்கு அந்த ஒரு வருடம் ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் ஓட்டுநர் தேர்வில் தேறியாக வேண்டும், இல்லையென்றால் சனிக்கிழமை முதல் காரைத் தொட முடியாது. கார் இல்லையென்றால் ஷிப்ட் இல்லை. மூன்று நாள் தாமதமாக வந்த ஒருவனை அவர்கள் கிடங்கில் நாலாம் நாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதை அவன் சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவான். விடாமல் முயன்று, யாரோ ரத்து செய்த ஓர் இடத்தைப் பிடித்து, வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தேர்வுக்குப் பதிவு செய்து, அன்றைக்கு லீவும் வாங்கியிருந்தான்.

அந்த வியாழன் விஜயதசமி. எனக்குத் தலைகால் புரியவில்லை. எதைத் தொடங்கினாலும் விளங்கும் நாளில் இவனுக்குத் தேர்வு, அதற்கு முந்தின நாள் வாகனத்துக்குப் பூஜை. இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும் என்று நான் அவனுக்குப் பத்து நிமிடம் விளக்கினேன். அவன் தட்டில் இருந்த புட்டைப் பார்த்துக்கொண்டே, விஜயதசமிக்கு ரிவர்ஸ் பார்க்கிங் தெரியுமா என்று கேட்டான்.

புதன்கிழமை லீவு போட்டேன். அலுவலகத்தில் மதக் காரணம் என்று சொன்னதும் மேலாளர் மரியாதையோடு தலையசைத்தார். இரண்டு நாளாக அவர் கேட்டுக்கொண்டிருந்த அறிக்கை மடிக்கணினியோடு சேர்ந்து பூஜையில் ஏறப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. பொரி கிடைக்கவில்லை. சூப்பர்மார்க்கெட்டில் பாலில் போட்டுச் சாப்பிடும் அரிசிப் பொரி இருந்தது. லேசாக இனிக்கும், விட்டமின் வேறு சேர்த்திருக்கிறார்கள். சரஸ்வதிக்கு விட்டமின் ஆகாதா என்ன. அடுத்த வீட்டு டோங்கா நாட்டுக் குடும்பத்தின் தோட்டத்தில் நாலு வாழை உண்டு. கன்று கேட்கப் போன எனக்கு ஒரு தாரையே வெட்டிக் கொடுத்தார் அந்த வீட்டுக்காரர்.

சந்தனத்தில்தான் என் மூளை வேலை செய்தது. இந்த ஊரில் ஒரே நாளில் நாலு பருவம் வந்து போகும். தண்ணீரில் குழைத்து வைத்தால் அரைமணியில் கரைந்து ஓடிவிடும். அதனால் சந்தனப் பொடியில் தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசைந்தேன். குங்குமத்துக்கும் அப்படியே. தொட்டுப் பார்த்தேன். பெயிண்ட் மாதிரி இருந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பூஜை. மேஜையில் சரஸ்வதி படம், என் மடிக்கணினி, அக்காவின் பழைய ஸ்டெதஸ்கோப், காய்கறி வெட்டும் கத்திகள், துணி தைக்கும் மெஷின். வெளியே காருக்கு முன் கண்ணாடியில், ஹெட்லைட்டில், நம்பர் பிளேட்டில், நாலு சக்கரத்தில், இண்டிகேட்டரில் எல்லாம் பொட்டு. எதையும் விட்டுவிட்டோம் என்று வண்டி வருத்தப்படக் கூடாது என்பதற்காக, இரண்டு வைப்பர்களின் ரப்பரிலும் வரிசையாக அஞ்சஞ்சு பொட்டு வைத்தேன். கார்ச் சாவியை எடுத்துப் படத்தின் காலடியில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஷிப்ட் முடித்து வந்து குளித்திருந்த அவன் சாவி கேட்டு வந்தான். வெளிச்சம் போவதற்குள் ஒருமுறை காரை எடுத்து ரிவர்ஸ் பார்க்கிங் பழகிப் பார்க்க வேண்டும் என்றான். பூஜையில் வைத்ததை நாளைக் காலை வரை எடுக்கக் கூடாது என்றேன்.

"நான் வேதக்காரன், மச்சான். உன்ர பூசைக்கும் என்ர டெஸ்டுக்கும் என்ன சம்பந்தம்? திறப்பைத் தா."

"நீ வேதக்காரன், சரி. கார் இந்துக் காருடா, மாப்ள."

"ஜப்பான் கார் எப்பிடியடா இந்துவாச்சு?"

நான் கர்ப்பூரத்தைக் காட்டினேன். அவன் அக்காவைப் பார்த்தான். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வைத்தது வைத்ததுதான், சாமி காரியம் என்று சொல்லிவிட்டு ட்யூட்டிக்குக் கிளம்பினார், தோழியின் காரில். உண்மையைச் சொன்னால் அந்த நிமிடம் சாவியைக் கொடுத்திருக்கலாம். சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவன் முகம் அவ்வளவு வாடியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு விதியைப் பேசுவதில் ஒரு சுகம் இருந்தது. சின்ன வயதில் அப்பாவிடம் "சாமிகிட்ட இருக்குப்பா" என்று சொல்லிப் புத்தகத்தைத் தொடாமல் தப்பித்த அதே சுகம்.

அவன் சமையலறையில் நாற்காலிகளை இரண்டு கார்களாக நிறுத்தி, நடுவில் தன்னையே காராக வைத்துப் பின்னோக்கி நடந்து பழகினான். ஒருதரம் அடுப்பில் இடித்துக்கொண்டான்.

கடைசியாகத் திருஷ்டி கழிப்பு. பூசணிக்காய் உடைக்க வேண்டும். இங்கே கிடைப்பது சாம்பல் நிறத்தில் கல் மாதிரி ஓர் உருண்டை. கத்தி இறங்காத ஜாதி. மேலே ஒரு துளை போடவே சுத்தியலும் உளியும் தேவைப்பட்டன. குங்குமத்தைத் திணித்து, கர்ப்பூரம் கொளுத்தி, காரை மூன்று சுற்று சுற்றி, தெருவில் ஓங்கிப் போட்டேன். உடையவில்லை. எங்கள் தெரு சரிவு என்பதை அது என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது. உருளத் தொடங்கியது. அணைந்த கர்ப்பூரப் புகையோடு, குங்குமத்தைக் கக்கிக்கொண்டு, முக்கால் தெரு ஓடியது. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். ஒரு வீட்டின் தபால் பெட்டியில் மோதி நின்றது. நாயோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி, தெருவில் நீண்டிருந்த சிவப்புக் கோட்டையும் என்னையும் பார்த்துவிட்டு, போலீஸைக் கூப்பிடட்டுமா, ஆம்புலன்ஸையா என்று கேட்டார். காய்கறிதான் என்றேன். மேலே வாசலில் நின்ற அவன் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தான்.

மறுநாள் காலை அவசர அவசரமாக மறுபூஜை செய்து, சாவியை அவன் கையில் கொடுத்தேன். நான் வேஷ்டியை மாற்ற நேரமில்லை. வழியெல்லாம் அவன் ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்துப் பார்த்து ஓட்டினான்.

தேர்வு நிலையத்தில் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட உயரமான அம்மா ஒருவர் அட்டையும் பேனாவுமாக வந்து காரைச் சுற்றினார். சுற்றச் சுற்ற நடை மெதுவானது. இண்டிகேட்டரில் இருந்த மஞ்சள் வட்டம் என்ன என்றார். இது ஒரு மதச் சடங்கு என்று ஆரம்பித்து ஆயுத பூஜையின் தத்துவத்துக்கு நான் போவதற்குள், முன் கண்ணாடியின் மூலையில் ஒட்டிய வாகனத் தகுதிச் சீட்டைக் காட்டினார். அதன் தேதி இருக்கும் இடத்துக்கு நேராக நான் பெரிய பொட்டு வைத்திருந்தேன். தேதி தெரியாமல் சோதனை தொடங்க முடியாது, ஐந்து நிமிடம் தருகிறேன் என்றார்.

வேஷ்டி நுனிதான் துணி. தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துத் துடைத்தேன். தேங்காய் எண்ணெய் தன் கடமையைச் செய்திருந்தது. பொட்டு கரையவில்லை, நகர்ந்தது. நகத்தால் சுரண்டி, லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட், சீட்டு என்று ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தேன். வேஷ்டி கசாப்புக் கடைக்காரருடையது போல ஆயிற்று. வரிசையில் நின்றவர்கள் படம் எடுத்தார்கள். அந்த அம்மா மறுபடி சுற்றிப் பார்த்துத் தலையசைத்தார். அவன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு காரை எடுத்தான். கண்ணாடி பார்த்தான், இண்டிகேட்டர் போட்டான், அலுங்காமல் சாலையில் இறங்கினான். நான் பெருமையோடு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பத்து நிமிடத்தில் தூறல் விழுந்தது. சந்தனம் கரையாது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதற்கப்புறம்தான் வைப்பர் ஞாபகம் வந்தது.

அவர்கள் திரும்பி வந்தார்கள். காரில் அல்ல, நடந்து. அந்த அம்மா அட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முன்னால் வர, அவன் நாலடி பின்னால் நனைந்தபடி வந்தான். நடந்ததை அப்புறம் அவன் சொல்லித்தான் தெரியும். தூறல் விழுந்ததும் வைப்பரைப் போட்டிருக்கிறான். முதல் வீச்சிலேயே கண்ணாடி முழுக்கச் சிவப்பும் மஞ்சளும். தண்ணீர் பீய்ச்சும் பட்டனை அழுத்தியிருக்கிறான், அது இன்னும் இழுகி ஆரத்தித் தட்டாகிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பதறவில்லை, பக்கக் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, தலையை வெளியே நீட்டி, ஓரத்தில் இரண்டு கார்களுக்கு நடுவே பின்னோக்கி எடுத்து, கச்சிதமாக நிறுத்தியிருக்கிறான். அந்த அம்மாவே நல்ல பார்க்கிங் என்று சொன்னாராம். சொல்லிவிட்டு, வாகனம் சோதனைக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்துத்தான் கிடைத்தது.

அவன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தேர்வுத் தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கினான்.

"நேற்று ஒருக்கா ஓடி, எல்லாத்தையும் போட்டுப் பாத்திருந்தா, அந்த வைப்பர் வீட்டு வாசல்லயே வேலையக் காட்டியிருக்கும், மச்சான்," என்றான். "அவ்வளவுதான் கேட்டனான்."

நான் வேஷ்டி நுனியில் ஒட்டியிருந்த குங்குமத்தைச் சுரண்டினேன்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னோம். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேலை போய்விடும் என்று அவன் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். என்னிடம் இந்த நாட்டு லைசென்ஸ் இருக்கிறது, இரண்டு மாதத்துக்கு முன்தான் எடுத்தேன். ஆனால் நான் எட்டரைக்கு எழுந்திருக்கிற ஆள், ஒன்பதரைக்கு ஆபீஸ் என்று இழுத்தேன்.

"அதெல்லாம் தெரியாது லா. நீதானே பூச போட்ட? நீயே கொண்டு போயி வுடு. அஞ்சு வாரம்."

சனிக்கிழமை அவனுக்கு ஷிப்ட் இல்லை. திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கு, முகம் கழுவியும் கண் திறக்காத நிலையில், நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் சவரம் செய்து, தலைவாரி, பக்கத்து இருக்கையில் ஏறினான். மடியில் அக்காவின் சாப்பாட்டு மேஜையிலிருந்து எடுத்த ஓர் அட்டை, அதில் செருகிய வெள்ளைத்தாள், கையில் பேனா. என்னடா இது என்று கேட்டேன். ரோட்டைப் பார்க்கச் சொன்னான்.

முதல் ரவுண்டானாவில் ஏதோ எழுதினான். மங்கரே பாலத்தில் நான் கொட்டாவி விட்டபோது இன்னொன்று எழுதினான். லேன் மாறும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தேனா என்று கேட்டான், பார்த்தேன் என்று பொய் சொன்னேன், அதையும் எழுதினான். நான் எரிச்சலில் வேகமாகப் பிரேக் போட்டதற்குத் தாளின் ஓரத்தில் இரண்டு கோடு போட்டான். அவனுடைய கிடங்கு வாசலில் நிறுத்தினேன். விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன, வானம் இன்னும் வெளுக்கவில்லை. அவன் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தி, ஜன்னல் வழியாகத் தாளை என் மடியில் வைத்தான்.

"ஃபெயில், மச்சான். நாளைக்கு விடிய அஞ்சேகாலுக்குத் திரும்ப வந்து எடு."