மண்திட்டை நானே வெட்டினேன்

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. வன்னியில் நான் நின்று கட்டுவித்த குளக்கட்டு, பாலம், பள்ளிக்கூடம் எதிலும் இன்றுவரை ஒரு வெடிப்பு விழவில்லை. படித்த எஞ்சினியர்மாரே என்னிடம் வந்து, "இதை எப்படிச் செய்தனீர்?" என்று கேட்டிருக்கிறார்கள். நான் முதன்முதலில் பொறுப்பெடுத்த வேலையைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அது முடியுமட்டும் நான் அங்கே நிற்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நான் வண்டிக்காரன். ஒட்டுசுட்டான் காட்டு மரத்தை மாங்குளம் ஸ்டேஷனுக்கு ஏற்றுவேன். இரண்டு சோடி மாடு வைத்திருந்தேன். லொறிகள் வந்து எங்கள் பிழைப்பில் மண் விழுந்தது. அந்த நேரம் ஒரு கொந்தராத்துக்காரர், கனகராயன்குளம் என்ற ஊருக்கு உள்ளே ஒரு பழைய குளத்தின் கட்டை உயர்த்தும் வேலையை எடுத்திருந்தார். வேலையை நடத்த ஆள் தேடினார். நான் நேரே போய் நின்றேன்.

"நாப்பது பேரை நடத்திறது எனக்குப் பெரிய காரியமில்லை ஐயா. இந்தக் காட்டுக்குள்ள மாடு நடத்தினவன் நான்."

"மாடு திருப்பிக் கதைக்காது, தெரியுமோ?"

"அப்பிடிக் கதைக்கிற மாடும் ரெண்டு வச்சிருந்தனான்."

சிரித்தார். வேலை எனக்கு. அடுத்த கிழமையே மாடுகளையும் வண்டிகளையும் விற்றேன். ஒரு தொழிலுக்குள் இறங்கினால் திரும்பிப் போக வழி வைக்கக்கூடாது என்பது என் கொள்கை.

ஆறு மாதத்தில் நான் அந்த வேலையைக் கையில் எடுத்துவிட்டேன். எந்த ஆளை மண் வெட்ட விடுவது, எவனைச் சுமக்க விடுவது என்று முகத்தைப் பார்த்தே பிரிப்பேன். வெட்டின கிடங்கைப் பார்த்து இத்தனை கியூப் மண் என்று சொன்னால், வேலையை அளக்க வரும் அரசாங்க ஓவசியர் நாடா பிடித்து அளந்தாலும் அதுதான் வரும்.

என் மனைவியின் தமையனை அங்கே கொண்டுவந்ததும் நான்தான். மச்சானுக்குச் சாவகச்சேரியில் நிலையான வேலை இல்லை, மூன்று பிள்ளைகள் வேறு. பத்துப் பேரை ஒப்படைத்து, அவர்களுக்குத் தலைவனாக வைத்தேன். மெதுவான மனிதர். ஆட்கள் அவரை ஏய்த்துவிட்டு மரநிழலில் படுப்பார்கள். பழகிவிடுவார் என்று நினைத்தேன்.

மண்வேலையில் ஒரு முறை உண்டு. கிடங்கு வெட்டும்போது இடைக்கிடை ஒரு திட்டைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். அதன் தலையில் பழைய புல் இருக்கும். அந்தப் புல்லிலிருந்து கிடங்கின் அடிவரை அளந்துதான் எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறது என்று ஓவசியர் எழுதுவார். திட்டு உயர்ந்தால் வெட்டாத மண்ணும் வெட்டினதாகிவிடும், அதற்கும் கூலி எழுதப்படும்.

அன்றைக்கு ஓவசியர் மச்சானின் கிடங்கில் இறங்கி நின்று பார்த்தார். கொந்தராத்துக்காரரும் மேலே நின்றார்.

"இந்தத் திட்டு கொஞ்சம் உயரமாத் தெரியுது."

"என்ர வேலையில ஒரு விரல் பிழை கண்டா நான் இந்த மீசையை எடுக்கிறன் ஐயா."

"மீசை கிடக்கட்டும். மண்வெட்டியை எடும்."

நானே எடுத்தேன். வேறு யாரையும் விடவில்லை. திட்டை நடுவில் பிளந்தேன். மேலே புல்லும் கறுத்த மண்ணும். அதற்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்குப் பொலபொலவென்று சிவத்த மண். அதற்கும் கீழே மறுபடியும் கறுத்த மண், அறுந்த புல்வேரோடு. புல்லைப் பாளமாகக் கிளப்பி, உள்ளே மண்ணைத் திணித்து, தொப்பி போடுவதுபோல் புல்லைத் திரும்ப வைத்திருக்கிறார்கள்.

"இது ஆர் செய்த வேலை?" என்றார் ஓவசியர்.

மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பொறுப்பா நிக்கிற இவர் சொன்னபடிதான் ஐயா செய்தனாங்கள்."

நான் மண்வெட்டியைக் கீழே போட்டேன். கொந்தராத்துக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். "நீ செய்திருக்கமாட்டாய் எண்டு எனக்குப் படுது. நாளைக்கு விடிய வந்து நடந்ததைச் சொல்லு. ஆக்களைக் கூப்பிட்டு உனக்கு முன்னாலேயே விசாரிக்கிறன்."

பின்னேரம் வீட்டுக்கு நடந்தேன். மச்சான் எனக்கு முன்னமே சைக்கிளில் வந்துபோயிருந்தார். பொய்யைச் சொல்லி வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றே முழுவதையும் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பைவிட்டு நிமிரவில்லை.

"தெரியும். அண்ணை எல்லாம் சொல்லி அழுதவர். பயத்தில உங்கட பேரைச் சொல்லிப்போட்டாராம்."

"அப்ப நாளைக்கு அதை அங்க வந்து சொல்லட்டும்."

"சொன்னா அவரை ஆர் பிறகு வேலைக்கு எடுக்கிறது? நீங்கள் எங்க போனாலும் பிழைப்பியள். நீங்களே அதை எத்தினை தரம் சொன்னனீங்கள்? அண்ணையால ஏலாது."

"அப்ப நான் கள்ளனோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. நாளைக்குக் கதைக்காதேங்கோ எண்டுதான் கேக்கிறன்."

இரவு நான் திண்ணையில் பாயை விரித்துப் படுத்தேன். அவள் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணனும் தங்கையுமாக இருந்து முடிவெடுத்துவிட்டார்கள். எனக்கு அறிவிக்க மட்டும்தான் அவள் காத்திருந்தாள்.

காலையில் குளத்தடி வாடிக் கொட்டிலுக்குப் போனேன். கொந்தராத்துக்காரர் கதிரையை இழுத்துப் போட்டு, "சொல்லு" என்றார். பொறுப்பாளாக நான் வைத்திருந்த சீமெந்துக் களஞ்சியப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்தேன். அவர் திறப்பைக் கையில் எடுத்தார். "உன்னைப் பற்றி வேறமாதிரி நினைச்சிருந்தன்" என்றார். எட்டத்தில் நின்ற மச்சானைக் கூப்பிட்டு, புது ஆள் வருமட்டும் திறப்பை வைத்திருக்கச் சொன்னார். மச்சான் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

பரந்தனில் ஒரு கட்டடத்துக்குக் கல் சுமக்கப் போனேன். பொறுப்பாளாக இருந்தவன் கூலியாளாக. இரண்டு வருசத்தில் அந்தக் கட்டடத்தை நடத்தினவன் நான். அதற்குப் பிறகு நான் ஏறின படிகளை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அவள் சொன்னபடியே நான் பிழைத்துவிட்டேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. விழுந்து கிடந்திருந்தால் அவளுக்கும் தமையனுக்கும் ஒரு நாளாவது உறுத்தியிருக்கும். நான் எழும்பி நின்றபடியால், எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று அவர்கள் நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.